புல் என்றால் ஒன்றுமில்லையா?

பழனிக்குத் தெற்கே எழுந்து நிற்கும் மலையைப் பற்றி எழுதுகிறவர்கள், அடியிலிருந்து உச்சிவரை அது ஒரே மரக்கூட்டம் என்பதுபோல எழுதுகிறார்கள். குறிஞ்சித் திணைக்குப் பக்கம் பக்கமாக உரை சொல்ல வல்லவர்களும் இதற்கு விலக்கல்லர். மேற்பழனி மலையின் இயல்பான முகம் புல்வெளி. நீரோடும் மடிப்புகளில் சோலை, மேடெல்லாம் புல்.

2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 609 சதுர கிலோமீட்டர். ஆனால் மலையேறுகிறவர் பெரும்பாலும் பைன் தோப்பில் படம் எடுத்துக்கொண்டு, இயற்கையைக் கண்ட நிறைவோடு இறங்குகிறார். அது மனிதர் நட்ட தோப்பு என்பது அவருக்கு உறைப்பதில்லை. புல்மேட்டில் நின்றாலோ, 'இங்கே ஒன்றுமில்லையே' என்கிறார்.

இதே பார்வைதான் புல்வெளியைத் தரிசு என்று எண்ண வைத்தது. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், அதோடு யூகலிப்டஸும் பைனும் நடப்பட்டன, விவசாயமும் பரவியது. 1973க்கும் 2014க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு காட்டியது.

வரையாடு மேய்வது புல்லை. 2006இலும் 2018இலும் பூத்த நீலக்குறிஞ்சி வளர்வது வெயில் படும் திறந்த சரிவில். சீகையின் அடர்நிழலில் அதற்கு இடமில்லை. பழனி வட்டாரத்தின் பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளுக்கு நீர் வருவதும் இந்த மலையிலிருந்துதான். மேலே புல் அழிவது கீழே வயல் வைத்திருப்பவரின் கவலையும் ஆகும்.

அப்படியானால் அந்நிய மரங்களையெல்லாம் வெட்டிவிடலாமே என்று சிலர் கிளம்புகிறார்கள். அதுவும் அவசரமே. வெட்டிய இடத்தில் மண்ணில் கிடக்கும் சீகை விதை மீண்டும் முளைக்கும். பழைய தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகளும் தலைகாட்டுகின்றன. எஞ்சியிருக்கும் புல்வெளிக்குள் சீகை நுழையாமல் காப்பதே முதல் வேலை என்பது நம் கட்சி.

மரக்கன்றும் பதாகையுமாக மலையேறும் அன்பர்களே, அந்தக் கன்றைச் சாலைக்காக மரங்களை இழந்த சமவெளி ஊர்களில் நடுங்கள். புல்மேட்டில் நடாதீர்கள். குறிஞ்சி அடுத்துப் பூக்க வேண்டியது 2030இல். அதற்கு நிலத்தை விட்டுவைக்காமல் திணையைப் பற்றி மட்டும் கருத்தரங்கு நடத்துவதில் என்ன பெருமை இருக்கிறது?