தெருவிளக்குக்கு எத்தனை கையெழுத்து?

தெருவிளக்கு கேட்டு நாம் கொடுக்கும் மனு எத்தனை நாளில் முடிவாக வேண்டும்? நகராட்சி அலுவலகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை. அதே தெருவைத் தோண்டிக் கேபிள் பதிக்க ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் விண்ணப்பித்தால், பதில் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் வழியுரிமை விதிகள் அதற்கு 60 நாள் கெடு வைத்தன. அதற்குள் அதிகாரி முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. நிறுவனத்தின் மனு உறங்கினால் அது அனுமதியாகிறது. நம் மனு உறங்கினால் பழைய காகிதமாகிறது.

நம் மாவட்டத்தில் ஒரு நகராட்சியின் எல்லையோரம் இருக்கிறது அந்தக் குடியிருப்பு. ஊரிலிருந்து பிரியும் சாலையின் கடைசி விளக்கு ஒரு பெட்டிக்கடை முன்னால் நிற்கிறது. அதைத் தாண்டினால் கம்பமே கிடையாது. மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் செல்போன் வெளிச்சத்தில்தான் வீடு சேர்கிறார்கள். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய குழியை இரண்டு மாதம் மூடாமல் விட்டார்கள். சுற்றித் தடுப்பும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. ஒரு நாள் இரவு வயதான அம்மா ஒருவர் அதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார்.

விளக்கு கேட்டு அந்த மக்களோடு நாமும் படியேறினோம். கம்பம் இருந்தால் விளக்கு மாட்டுவோம், கம்பம் நடுவது மின்வாரியத்தின் வேலை என்றது நகராட்சி. நகராட்சி பணம் கட்டினால் நடுவோம் என்றது மின்வாரியம். பணம் கட்ட மதிப்பீடு வேண்டும், மதிப்பீட்டுக்கு மன்றத் தீர்மானம் வேண்டும். தீர்மானம் நிறைவேறிய பிறகு, சாலையோரம் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம், தடையின்மைச் சான்று வாங்கி வாருங்கள் என்றார்கள். அடுத்து, தெருவின் பின்பாதி வாய்க்கால் புறம்போக்கு என்று வருவாய்த் துறை குறிப்பெழுதியது. நான்கு அலுவலகங்களும் தனித்தனியே சொன்னவை விதிப்படி சரியாகவே இருக்கலாம். நான்கையும் கூட்டினால் மூன்று ஆண்டு இருட்டு.

தெருவிளக்கு என்பது குடியிருப்போர் அனுமதி வாங்கிக்கொண்டு வரவேண்டிய பொருள் அல்ல. 74ஆவது திருத்தத்தின் வழியே அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த 12ஆவது அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளின் பொறுப்புகளில் தெருவிளக்கைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. மின்வாரியத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் கடிதம் எழுத வேண்டியது நகராட்சியின் கடமை. அந்த வேலையைக் கூலிக்குப் போகும் மக்களின் தலையில் கட்டுவது எந்த விதியில் இருக்கிறது? ஒவ்வொரு முறை அலுவலகம் போகும்போதும் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது.

எல்லாத் தெருவுக்கும் இதே நடைமுறைதானே, இதில் சாதி எங்கே வந்தது என்று சிலர் கேட்பார்கள். நடைமுறை ஒன்றுதான், நிலம் ஒன்றல்ல. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவின் தெருக்கள் நகராட்சியின் பதிவேட்டில் ஏறியவை. நம் மக்களோ வாய்க்கால் கரையிலும், புறம்போக்கிலும், நெடுஞ்சாலைக்கு அப்பாலும், இரண்டு உள்ளாட்சிகளின் எல்லையிலும் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். ஆகவே நம் கோப்புக்கு மட்டும் கூடுதல் கையெழுத்து தேவைப்படுகிறது. சேரியை ஊருக்கு வெளியே வைத்த ஏற்பாடுதான் இன்று கோப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பொதுத்தெருவில் எவரும் நடக்கலாம் என்ற தீர்மானம் 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இரட்டைமலை சீனிவாசனும் ஆர். வீரையனும் அந்த அவையில் நமக்காக வாதாடிய காலம் அது. நடக்கும் உரிமை வந்து நூறாண்டு கடந்துவிட்டது. அந்தத் தெருவில் கால் இடறாமல் நடக்க இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். புதிய பெயர்ப்பலகையை இரவில் படிக்க வெளிச்சமும் வேண்டும் அல்லவா?

பணம் இல்லை என்ற பதிலும் செல்லாது. ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக 5 ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அயோத்திதாசப் பண்டிதர் பெயரிலான திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. நம் மாவட்டத்தில் அதில் எத்தனை கம்பங்கள் நடப்பட்டன என்பதை நிர்வாகம் வெளியிடட்டும்.

குழிக்குள் இறங்குபவர்களையும் மறக்க முடியாது. சாக்கடைக் குழியில் இறக்கப்படுபவர்களில் பெரும்பகுதி நம் சனம்தான். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் பக்கமண் சரியாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நெறிமுறை. சாலை வெட்ட அனுமதிக்கும் காகிதத்தில், சீரமைப்புக் கட்டணம் எவ்வளவு என்பதைக் கணக்காய் எழுதுகிறார்கள். முட்டுக் கொடுத்தார்களா, தடுப்பு வைத்தார்களா என்று பள்ளத்தின் கரையில் வந்து பார்ப்பவர் யார்?

நம் கோரிக்கைகள் எளியவை. நிறுவனத்துக்கு இருப்பதுபோலத் தெருவிளக்கு மனுவுக்கும் 60 நாள் கெடு வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மற்றத் துறைகளின் சான்றுகளை நகராட்சியே பெற வேண்டும், அதற்கு ஓர் அதிகாரி பெயரோடு பொறுப்பேற்க வேண்டும். இருட்டுத் தெருவைத் தோண்ட யாருக்கு அனுமதி கொடுத்தாலும், அதே தோண்டலில் விளக்குக்கான கம்பமும் கேபிளும் சேர்ந்து வர வேண்டும். தோண்டுபவர் யார், என்று மூடுவார் என்ற பலகையும் இரவு விளக்கும் இல்லாத குழிக்கு அனுமதி ரத்தாக வேண்டும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. தெருவின் இரண்டு முனைகளிலும் உள்ள மின்கம்ப எண்களை எழுதி, இடையில் எத்தனை கம்பம் வேண்டும் என்று மனுவில் குறிப்போம். பகுதி சபா கூட்டத்தில் அதைப் பதிவு செய்யச் சொல்வோம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் தரும் மனுவுக்கு ஒப்புகை வாங்குவோம். நம் தெருவில் குழி தோண்டினால், அனுமதி ஆணையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். அந்தச் சட்டத்தில் 30 நாள் கெடு இருக்கிறது. நம் கையில் உள்ள அந்தக் கெடுவைக் கொண்டு, இல்லாத கெடுவைக் கேட்டு வாங்குவோம். அடுத்த மழைக்குள் அந்தப் பெட்டிக்கடைக்கு அப்பாலும் விளக்கு எரிய வேண்டும்.