மருந்தை மாற்றுவதா, தண்ணீரை மாற்றுவதா?

"நீச்சல் குளமா? அது பணக்காரர்கள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இப்போதெல்லாம் நடுத்தரக் குடும்பங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில்கூட ஒரு குளம் இருக்கிறது. மாதாமாதம் கட்டுகிற பராமரிப்புப் பணத்தில் அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். கோடை விடுமுறை வந்துவிட்டால் குழந்தைகள் காலை, மாலை அதிலேதான் கிடக்கிறார்கள். அவர்கள் வாயிலும் மூக்கிலும் போகிற தண்ணீரைப் பற்றி நாம் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

சென்னையின் தென்கோடியில் உள்ள எங்கள் குடியிருப்பில் சென்ற ஏப்ரல் மாதம் குளத்துத் தண்ணீர் லேசாகப் பச்சை பாரித்தது. பராமரிப்புக்கு வருகிற ஆள் குளோரின் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தார். பரிசோதனைக் குழாயில் விட்டுப் பார்த்தால் குளோரினும் இருப்பதாகவே காட்டியது. ஆனால் சுவரில் கை வைத்தால் வழவழவென்று பாசி! இரண்டு மூன்று குழந்தைகளுக்குக் காதுவலி வேறு.

சங்கக் கூட்டத்தில் இரண்டு கட்சியாகிவிட்டது. "மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டுப் புதுசா நிரப்புங்க. பிள்ளைங்க உடம்பைவிடக் காசா பெரிசு?" என்றது ஒரு கட்சி. "குடிக்கவே லாரித் தண்ணி வாங்கறோம். 2019 ஜூன் மாசம் மறந்துபோச்சா?" என்றது மற்றது. யார் மறப்பார்கள்? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டு, குடத்தோடு தெருவில் நின்றோமே!

இரு தரப்பும் சொன்னது நியாயம்தான். எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து என் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் ரசாயனம் படித்தவன். தண்ணீர் சுத்திகரிக்கும் வேலையில் இருக்கிறான்.

"ஏன்க்கா, ரசத்துல புளி குறைஞ்சா என்ன செய்வே?"

"இன்னும் கொஞ்சம் கரைச்சு விடுவேன்."

"உப்பு கூடிப்போச்சுன்னா?"

"தண்ணி விட்டு விளாவுவேன். வேற வழி?"

"குளமும் அதேதான்க்கா. குறைஞ்சதைப் போட்டுச் சரி பண்ணலாம். சிலது கூடிப்போச்சுன்னா விளாவத்தான் வேணும்."

விஷயம் இதுதான். குளங்களில் பெரும்பாலும் போடுவது டி.சி.சி.ஏ. 90 என்கிற மாத்திரை. அதில் குளோரினோடு சயனூரிக் அமிலம் என்ற ஒன்றும் சேர்ந்திருக்கிறது. வெயிலில் குளோரின் சீக்கிரம் அழிந்துபோகாமல் அது காப்பாற்றும். அளவோடு இருந்தால் நல்லதுதான். 30 முதல் 50 பி.பி.எம். போதும். (ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் இருந்தால் அது ஒரு பி.பி.எம்.) அளவு மீறினால் குளோரினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. பரிசோதனையில் குளோரின் தெரியும். பாசியும் கிருமியும் சாகாது!

குளோரின் செலவாகிவிடும். இந்த அமிலமோ ஆவியாவதும் இல்லை, சுலபத்தில் அழிவதும் இல்லை. எங்கள் குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர், பிடிப்பது 90,000 லிட்டர். அதில் ஒரு கிலோ மாத்திரை கரைந்தால் அமிலம் 6 பி.பி.எம். ஏறும். வாரம் ஒரு கிலோ என்றால் நாலே மாதத்தில் நூறைத் தொட்டுவிடும். சோதித்துப் பார்த்ததில் எங்கள் குளத்திலும் சரியாக 100!

அதை 50-க்குக் கொண்டுவரப் பாதித் தண்ணீரை மாற்றினால் போதும். அதாவது 45,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி நான்கு. முழுக்கக் கொட்டினால் எட்டு லாரி ஆகியிருக்கும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டுபோய்க் காட்டியதும் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. குளத்தைப் பூட்டிவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

உங்கள் குடியிருப்பிலும் இப்படி நேர்ந்தால் கவனிக்க வேண்டியவை:

முதலில் சோதனை. காரத்தன்மை குறைவாக இருந்தால் சமையல் சோடா போட்டே ஏற்றலாம். ஆம், நாம் ஆப்பத்துக்குப் போடும் அதே சோடாதான்! இதற்கெல்லாம் தண்ணீரை மாற்ற வேண்டாம். சயனூரிக் அமிலம், கால்சியம், உப்பு இவை மிஞ்சினால்தான் மாற்ற வேண்டும்.

நிரப்பப்போகிற தண்ணீரையும் சோதியுங்கள். கால்சியம் 200 முதல் 400 பி.பி.எம். வரை இருக்கலாம். போர்வெல் தண்ணீரே 500 என்றால், எத்தனை முறை மாற்றினாலும் ஓடுகளில் வெள்ளை படிவது நிற்காது.

வெயிலில் வற்றியதற்கு ஈடாக ஊற்றுவது மாற்றுவது ஆகாது. பாலைச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீர் மட்டும்தானே போகிறது? அதுபோல உப்பும் அமிலமும் குளத்திலேயே தங்கிவிடும்.

முதலில் வடித்துவிட்டுப் பிறகு நிரப்புங்கள். ஒரு பக்கம் வடிய, மறுபக்கம் குழாயைத் திறந்துவிட்டால் புதுத் தண்ணீரும் கூடவே போய்விடும். அதே 45,000 லிட்டர் செலவழித்தும் 100 என்பது 60-க்குக் கீழே இறங்காது.

வடிப்பதற்குச் சில நாள் முன்பே குளோரின் போடுவதை நிறுத்துங்கள். சோதனையில் அது பூஜ்யமான பிறகே திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியில் நமக்காக உழைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். மழைநீர்க் கிணற்றில் விடவே கூடாது. நாங்கள் ஒரு பகுதியை வண்டி நிறுத்தும் தரையைக் கழுவ வைத்துக்கொண்டோம்.

குளத்தை ஒருபோதும் முழுக்கக் காலி செய்ய விடாதீர்கள். நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும் காலத்தில், அது காலிக் குளத்தை அடியிலிருந்து தூக்கித் தரையை விரியச் செய்துவிடும். மட்டம் இறங்கியிருக்கும்போது வடிகட்டி மோட்டாரையும் ஓட்டக்கூடாது. காற்றை இழுத்துக் கெட்டுப்போகும். முக்கியமாக, வேலை முடியும்வரை கதவில் பூட்டு தொங்கட்டும். பாதி வற்றிய குளத்தில் குழந்தை விழுந்தால் பிடித்து ஏறக்கூட வழி இருக்காது.

நிரப்பியபின் திரவக் குளோரின் விட்டு, சுவர்களைத் தேய்த்து, வடிகட்டியை இரவு பகலாக ஓட்டினோம். நான்காம் நாள் அடித்தரை ஓடுகளை எண்ணிவிடலாம் போலிருந்தது! இப்போது தினசரிக்குத் திரவக் குளோரின்தான். மாத்திரை எப்போதாவதுதான். மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில் புழங்கக்கூடாது. கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தாலோ விஷவாயு. பராமரிப்புக்கு ஆள் மாறும்போதெல்லாம் இதைச் சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு லாபம் உண்டு. எங்கள் குளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 720 லிட்டர் இலவசம்! ஐப்பசி பிறக்கும்போது மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தால், விளாவும் வேலையை மழையே பார்த்துக்கொள்ளும்.

குழந்தைகளை இறக்குமுன் மூன்றே கேள்வி கேளுங்கள். கரையில் நின்று பார்த்தால் அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா? பி.எச். 7.0-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்கிறதா? மாத்திரை போடும் குளமானால் குளோரின் 2 பி.பி.எம்.மாவது இருக்கிறதா? இவை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்லும் அளவுகள். இவற்றோடு நான்காவதாக நம் கேள்வி: "சயனூரிக் அமிலம் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?"

மூக்கைத் துளைக்கிற 'குளோரின் வாசனை' சுத்தத்துக்கு அடையாளம் என்று நினைக்காதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து வருகிற நெடி அது. கண் சிவப்பதும் அதனால்தான். குளத்தில் இறங்குமுன் குழந்தையைக் கழிப்பறைக்கு அனுப்பி, உடம்பில் நாலு சொம்பு தண்ணீர் ஊற்றி அனுப்புங்கள். அது எந்தச் சங்கமும் செய்ய முடியாத வேலை. நாம்தான் செய்ய வேண்டும்!