மலையூர் நூலகத்தில் பழுது பார்ப்பது யார்?

மேசைக் கணினியின் உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் கணினிக்குத் தேதி மறந்துவிடும். பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பானால் பாதுகாப்பான இணையதளம் எதுவும் திறக்காது. தேர்வுக்கு விண்ணப்பிக்க உட்காரும் இளைஞருக்கு, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கைதான் திரையில் வரும். விவரம் தெரிந்தவருக்கு இது சில நிமிட வேலை, செலவும் சொற்பம். தெரிந்தவர் இல்லாத இடத்தில் அந்தக் கணினி பழுது என்று இருப்புப் பதிவேட்டில் ஏறும்; பிறகு துணி போர்த்தி மூலையில் வைக்கப்படும். மின்சாரம் அடிக்கடி போகும் இடங்களில் இந்தப் பேட்டரி சீக்கிரமே தீரும். ஆகவே தாண்டிக்குடி போன்ற மலையூர்களின் பொது நூலகங்களைப் பற்றிப் பேசும்போது, எத்தனை கணினி கொடுக்கலாம் என்று கேட்பதற்கு முன்பே, கொடுத்ததை யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்டாக வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டத்தின் கீழ்ப்பழனி மலையில் உள்ள தாண்டிக்குடி, காபி, மிளகு, ஏலக்காய், மலைவாழை விளையும் ஊர். காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அங்கேயே இருக்கிறது. பக்கத்துத் தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. முடிக்கொத்து நோய் வந்து மலைவாழைத் தோட்டங்களை அழித்த பகுதி இது. அந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி நிலையங்கள் அறிந்து வைத்திருப்பதைச் சிறு விவசாயி தமிழில் படிக்க ஒரு பொது இடம் வேண்டும். மாணவர்களுக்குப் பாடநூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூல்களும் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுவதும் இடி மின்னலில் மோடம் கருகுவதும் மூடுபனியின் ஈரம் கருவிக்குள் இறங்குவதும் மலையில் புதிதல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலைகளைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்தன, சாலைகள் அடைபட்டன, மின்சாரம் போயிற்று. இவ்வளவையும் கணக்கில் எடுத்து எழுதினால்தான் அது திட்டம். சமவெளி நகரத்துக்கு எழுதிய கொள்முதல் பட்டியலை அப்படியே மலைக்கும் அனுப்புவதைத் திட்டம் என்று சொல்ல முடியாது.

நூலக விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலகத்துக்கென்று தனி வரியையே ஏற்படுத்தியது. இன்றும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக வசூலாகிறது. ஆண்டுதோறும் வரும் பணத்துக்கு வழி செய்த நம்மால், ஆண்டுதோறும் செய்யவேண்டிய பராமரிப்புக்கு மட்டும் வழி செய்ய முடியவில்லை. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் திறந்து வைக்கவும் பார்த்துக்கொள்ளவும் நிலையான ஆளும் நிதியும் இல்லாமல் அவற்றில் பல பூட்டிக் கிடந்தன. கட்டடத்துக்கு நேர்ந்தது கணினிக்கு இன்னும் வேகமாக நேரும். சுவர் இருபது ஆண்டுகள் தாங்கும். யுபிஎஸ் பேட்டரி மூன்று நான்கு ஆண்டுகள் தாங்கினாலே பெரிது.

தேவையை முதலில் எழுதிவைத்துச் செய்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற சிற்றூர்ப் பகுதியின் நூலக அறக்கட்டளை, தங்கள் பழைய நூலக மென்பொருள் 2000ஆம் ஆண்டு பிறந்ததும் செயலிழக்கும் என்பதை முன்கூட்டியே உணர்ந்தது. கடையில் கிடைத்ததை வாங்கிவிடாமல், கிளை நூலகங்களின் மெதுவான தொலைபேசி இணைப்பிலும் வேலை செய்ய வேண்டும் என்பது உள்ளிட்ட தேவைகளை முதலில் எழுதிவைத்து, புதிய மென்பொருளை உருவாக்கச் செய்தது. அதுதான் கோஹா. 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த அதை யாரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார்கள்; இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி நூலகங்களுக்கு இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 விழுக்காடு வரை சலுகை கிடைத்தது. ஏழ்மையான, கிராமப்புறப் பகுதிகளுக்குச் சலுகை அதிகம். தொழில்நுட்பத் திட்டத்தை எழுதித் தந்த பிறகே பணம் என்பது அதன் தொடக்ககால விதி.

நமக்கு வேண்டியது பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. மலை வட்டார நூலகங்களுக்கென ஒரு தொழில்நுட்பப் பணியாளரை நூலக வரியைப் பெற்று நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழு நியமித்து, மாதத்தில் இன்ன நாளில் இன்ன ஊர் என்று முறை வைத்து அனுப்பட்டும். 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பிய மாநிலம் இது. உதிரி பேட்டரியும் கேபிளும் கொண்ட ஒரு பையை அனுப்ப முடியாதா? எந்தக் கருவி வாங்கினாலும் அதன் ஆயுட்காலப் பராமரிப்புச் செலவைக் கொள்முதல் ஆணையிலேயே சேர்க்க வேண்டும். இணையம் அறுந்த நாளிலும் படிக்க மின்னூல்களையும் தமிழ் விக்கிப்பீடியாவையும் கணினியிலேயே சேமித்து வைக்கலாம்.

கையில் கைப்பேசி இருக்கும்போது நூலகக் கணினி எதற்கு என்பார்கள். கைப்பேசியில் காணொளி பார்க்கலாம். பல பக்க விண்ணப்பத்தைப் பிழையின்றி நிரப்பவும், சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றவும், அச்செடுக்கவும் அது போதாது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி உள்ள குடும்பத்தில் அதுவும் அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விடும். நூலகரே பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளட்டுமே என்பது இன்னொரு வாதம். தேதியைச் சரிசெய்வது, கேபிளைப் பார்ப்பது போன்றவற்றை அவருக்குக் கற்றுத்தரத்தான் வேண்டும். ஆனால் புத்தகம் கொடுத்து வாங்கி, பதிவேடு எழுதி, கதவு திறந்து பூட்டும் ஒற்றைப் பணியாளர் தலையில் மின்னணுப் பழுதையும் ஏற்றுவது அநியாயம்.

வலுவான மறுப்பு பணத்தைப் பற்றியது. மலை ஊராட்சிகளின் சொத்து வரி குறைவு, அதனால் நூலக வரியும் குறைவு என்பது உண்மை. அதற்காகத்தான் வரி மாவட்ட அளவில் ஒன்றுசேர்கிறது. திண்டுக்கல் நகரத்தின் வரி கீழ்ப்பழனிக்கும் பயன்படுவதே சட்டத்தின் நோக்கம். முதலில் புத்தகம் வாங்குங்கள் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. புதுக் கணினிக்கான பணத்தில் பாதியைப் புத்தகத்துக்கே கொடுங்கள்; மீதிப் பணத்தில், ஏற்கெனவே இருக்கும் கணினிகளை ஓட வையுங்கள்.

திண்டுக்கல் மாவட்ட நூலக ஆணைக்குழு தன் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பராமரிப்புக்கென்று தனித் தலைப்பைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு நூலகத்தின் வாசகர் வட்டமும் தன் ஊரில் ஓடும் கணினி எத்தனை, ஓடாதது எத்தனை என்று எண்ணி, தேதியிட்டு, எழுத்து மூலம் ஆணைக்குழுவுக்கு அனுப்பி அந்தத் தலைப்பைக் கேட்க வேண்டும்.