சிறகு வைத்த குதிரை

இம்மாதம் என் தவறொன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

என் இளைய மகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு குதிரை கீறியிருந்தாள். இரண்டு பக்கமும் பெரிய சிறகுகள். "குதிரைக்கு ஏது மகள் செட்டை? இல்லாததக் கீறப்படாது" என்று சொல்லி அழிறப்பரை எடுத்து நானே அழித்துவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம் மத்ரஸாவில் அபூதாவூத் கிதாபில் பாடம். நபி (ஸல்) அவர்கள் தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ (அறிவிப்பாளருக்கு அதில் சந்தேகம்) வீடு திரும்பியிருக்கிறார்கள். காற்றில் திரை விலகுகிறது. ஆயிஷா (ரழி) அவர்களின் மாடத்தில் விளையாட்டுப் பாவைகள். நடுவில் ஒரு குதிரை. அதற்குச் சீலைத் துண்டால் இரண்டு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்க, சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா நாயகி திருப்பிக் கேட்கிறார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு நபியவர்கள் சிரித்தார்கள்.

வாசித்துக் கொண்டிருந்த எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. நான் கேட்டதும் அதே கேள்விதான். ஆனால் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

சிறுமியர் பாவை வைத்து விளையாட இந்த ஹதீஸை ஆதாரம் காட்டும் உலமாக்கள் உண்டு. அதற்காகச் சுவரில் மாட்டும் புராக் படத்தையும் நான் சரி காண்பதாக எண்ணிவிடாதீர்கள். பெண் முகமும் சிறகுமாக அச்சடித்த அப்படங்களைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வரும் புராக் வெண்ணிறப் பிராணி. கழுதையைவிடப் பெரிது, கோவேறு கழுதையைவிடச் சிறிது. பார்வை எட்டும் தூரத்தில் அடி வைக்கும். பெண் முகமும் அங்கே இல்லை, சிறகும் இல்லை. பாவைக் குதிரையை யாரும் மார்க்கம் என்று எண்ணுவதில்லை, படத்தை எண்ணிவிடுகிறார்கள். கிரேக்கர்களின் பெகாஸஸ் என்ற சிறகுக் குதிரையின் கதையும் பிள்ளைகளின் புத்தகங்களில் வருகிறது. கதை என்றே சொல்லிக் கொடுங்கள், போதும்.

அன்றிரவு மகளைக் கூப்பிட்டு அந்த ஹதீஸைச் சொன்னேன்.

"சுலைமான் நபிட குதிரைக்கு உண்மையாவே செட்டை இருந்திச்சா வாப்பா?"

"ஸாத் சூறாவில அந்தக் குதிரைகளப் பத்தி வருது மகள். செட்டையப் பத்தி ஒன்னும் இல்ல."

"அப்ப ஆயிஷா நாயகிக்கு யார் சொன்ன?"

நான் யோசித்துக் கொண்டிருந்தேன். அவளே சொன்னாள்: "அவங்கட உம்மாவாத்தான் இருக்கும்." பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு குசினிக்கு ஓடினாள்.