தொழில் தெரியும், சான்று இல்லை!



ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியா பெங்களூர் போற பஸ்ஸில் எத்தனை பேர் டூல்ஸ் பையோட ஏறுறாங்கன்னு தெரியும். பெயின்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன்னு எல்லாம் நம்ம மாவட்டத்துப் பிள்ளைங்க.

அதில் ஒருத்தர் கலசப்பாக்கம் பக்கம். 17 வயசுல ஹெல்ப்பரா போனவர், 11 வருஷம் அங்கே அபார்ட்மென்ட் வயரிங் பார்த்தார். அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு ஊர் திரும்பி, இங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை கேட்டார். "சர்டிபிகேட் இருக்கா தம்பி?" அவ்வளவுதான் பேச்சு.

கேட்டது தப்பில்லை. வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில் செய்யணும்னு மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளே சொல்லுது. எர்த் சரியில்லாத வீட்டில் ஷாக் அடிச்சா உயிர் போகும். அதனால தேர்வே வேண்டாம்னு நாம சொல்லலை.

நம்ம மாநிலத்தில் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கு. அரசு ஐ.டி.ஐ. மூலமா விண்ணப்பிக்கலாம். 21 வயசு நிறைஞ்சிருக்கணும், உச்ச வயது வரம்பு கிடையாது. குறைஞ்சது 5 வருஷம் வயரிங் அனுபவம் வேணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா அந்த 5 வருஷத்தை யார் எழுதிக் கொடுப்பாங்க? சனிக்கிழமை சனிக்கிழமை கையில் காசு கொடுத்த பெங்களூர் கான்ட்ராக்டருக்கு நம்ம தம்பி போன் போட்டார். "இன்னைக்கு லெட்டர் கேட்ப, நாளைக்கு பி.எஃப். கேட்ப"ன்னு வச்சுட்டார். 11 வருஷ உழைப்புக்கு ஒரு வரிகூட சாட்சி இல்லை.

இங்கே சான்று வாங்கிட்டு அந்தப் பக்கம் போறவருக்கும் இதே கதைதான். மின் வேலைக்குச் சான்று கொடுப்பது மாநிலத்துக்கு மாநிலம் தனி அமைப்பு. நமக்கு மின் உரிமம் வழங்கும் வாரியம், கர்நாடகாவுக்கு அவங்க மின் ஆய்வுத் துறை. திருவண்ணாமலை ஆர்.டி.ஓ. ஆபீஸில் எடுத்த டிரைவிங் லைசென்ஸ் ஓசூர் தாண்டியும் செல்லும். ஐ.டி.ஐ.யில் வாங்குற தேசிய தொழிற்சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். கம்பியாளர் சான்று மட்டும் ஏன் சோதனைச்சாவடியில் இறங்கிக்கணும்? அத்திப்பள்ளியில் ஓடுற கரண்ட் வேற கரண்டா?

இன்னொரு பயம், எழுத்துத் தேர்வு. கண்ணை மூடிட்டு டிபி போர்டு கட்டுற ஆளுக்கு, 'மின்தடை', 'மின்காப்பு'ன்னு கேள்வித்தாளில் பார்த்தா கை நடுங்குது. அவர் பழகினதெல்லாம் ரெசிஸ்டன்ஸ், இன்சுலேஷன். இதுக்கு வழி பக்கத்திலேயே இருக்கு. சென்னை கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனம் ஐ.டி.ஐ. பாடப் புத்தகங்களைத் தமிழிலும் போடுது. எலக்ட்ரீஷியன் புத்தகத்தில் எர்த்திங், வயரிங், டெஸ்டிங் பகுதிகளை தினம் ஒரு மணி நேரம் படிச்சாலே போதும்; மீதி அவர் கை ஏற்கெனவே படிச்சதுதான்.

அரசுகளிடம் நாம கேட்கிறது ரெண்டே விஷயம். வெளிமாநிலத்தில் வேலை பார்த்தவருக்கு முதலாளி கடிதம்தான் வேணும்னு நிக்காதீங்க. 2021-ல் கொண்டுவந்த இ-ஷ்ரம் அட்டையில் தொழில் பதிவாகுது; அதையும் கூட வேலை பார்த்த சான்று உள்ளவரின் உறுதிமொழியையும் ஏத்துக்கிட்டு, சந்தேகம் இருந்தா போர்டு முன்னாடி நிறுத்தி வேலை வாங்கிப் பாருங்க. ரெண்டாவது, தமிழ்நாடும் கர்நாடகாவும் உட்கார்ந்து பேசி, ஒருத்தர் சான்றை ஒருத்தர் மதிக்கட்டும். காவிரி மாதிரி சிக்கலான விவகாரம் இல்லையே இது!

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. கார்த்திகை தீபத்துக்கு இவங்க எல்லாம் ஊருக்கு வருவாங்க. தெருவில் யார் யார் வயரிங் வேலை பார்க்கிறாங்கன்னு இப்பவே பேர் எழுதி வையுங்க. வந்ததும் இ-ஷ்ரம் பதிவு, ஆதார், போட்டோ, விண்ணப்பம் எல்லாத்தையும் கூட உட்கார்ந்து முடிச்சுக் கொடுங்க. அந்த கலசப்பாக்கம் தம்பியின் விண்ணப்பத்தில் இன்னும் அனுபவச் சான்று இடம் மட்டும் காலியா இருக்கு.