விளையாட்டும் ஒரு தொழிலே

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கணினி விளையாட்டு உருவாக்கும் படிப்பிற்குச் செலவிடலாமா எனப் பெற்றோர் தயங்குவது இயல்பே. ஆயினும் இத்தொழிலை நாம் இழிவாக எண்ண வேண்டா. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையைச் சித்திரிக்கும் 'வெண்பா' என்னும் விளையாட்டை டொராண்டோ நகரில் ஒரு சிறு குழுவினர் உருவாக்கினர். 2023இல் வெளிவந்த அது, 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது.

இத்துறைக்கு நிரல் எழுதுவோர், ஓவியர், இசைஞர், கதை எழுதுவோர் எனப் பலரும் தேவை. வேலை கொடுப்போர் சான்றிதழை மட்டுமன்றி, விண்ணப்பிப்பவர் தாமே செய்து முடித்த விளையாட்டையும் காண விழைவர். ஆகவே, பெற்றோரே, பெருங்கட்டணம் செலுத்துமுன், 'கொடோ' போன்ற இலவச மென்பொருளைக்கொண்டு மகனோ மகளோ சிறு விளையாட்டொன்றை முடித்துக் காட்டட்டும். முடித்துக் காட்டிய பிள்ளைக்கு நாம் தயங்காது துணைநிற்போம்.