பரிசுக்குச் சொந்தம், பந்திக்கு அயல்!

குலமென்ன, கோத்திரமென்ன, பெற்றவர் யார், பிறந்த இடம் எது என்று மனிதனைத்தான் குடைந்து கொண்டிருந்தார்கள். இப்போது திரைப்படத்தையும் விட்டு வைக்கவில்லை!

2024 மே திங்களில், கேன்ஸ் திரைவிழாவிலே, பாயல் கபாடியா இயக்கிய 'ஆல் வி இமேஜின் ஏஸ் லைட்' முதற்பரிசுக்கு அடுத்த பெரும்பரிசைப் பெற்றது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே போட்டிக்குச் சென்ற இந்தியப் படம். உடனே செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் மார்தட்டிற்று: இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தத்தின்கீழ் இதற்குக் கூட்டுத் தயாரிப்புத் தகுதி அளித்தது நாங்களே, செலவில் 30 விழுக்காட்டு ஊக்கத்தொகைக்கு இடைக்கால ஒப்புதல் தந்ததும் நாங்களே என்று. நன்று, மகிழ்ச்சி!

நான்கு திங்கள் கழிந்தன. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அனுப்பியது 'லாபதா லேடீஸ்'. தேர்வது அவர்கள் உரிமை, குறை சொல்வாரில்லை. ஆனால், இதை ஒதுக்கச் சொன்ன காரணம் என்ன? இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் போல இருந்ததாம் தேர்வுக் குழுவினருக்கு! (பதின்மூவர் கொண்ட அக்குழுவில் பெண் ஒருவரும் இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.)

எது ஐயா ஐரோப்பியம்? மும்பை மருத்துவமனையிலே உழைத்து ஓயும் மலையாளச் செவிலியரா? குடியிருந்த வீட்டுக்குச் சான்றுத்தாள் இல்லையென்று விரட்டப்பட்டு, இரத்தினகிரிப் பக்கம் தன் சிற்றூருக்கே திரும்பும் சமையற்காரியா? முஸ்லிம் இளைஞனை விரும்பிவிட்டு ஊர்வாய்க்கு அஞ்சும் மங்கையா? அக்கதைக்குள் ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்குவது ஒன்றே ஒன்றுதான்: ஜெர்மனியில் செய்த சோறாக்கும் குக்கர்!

பணம் அயலாருடையது என்பார்கள். ஆம்; பிரான்சு, நெதர்லாந்து, லக்சம்பர்க், இத்தாலி ஆகியவை பங்கு கொண்டன. ஒப்பந்தத்தின் உயிர்நாடியே அதுதானே! இரு நாட்டுப் பொருளும் உழைப்பும் கூடிப் பிறந்த படம் இரு நாட்டிலும் உள்நாட்டுப் படமாகவே நடத்தப்படும் என்பதற்குத்தானே கையெழுத்து? போரால் நொடிந்த பிரான்சும் இத்தாலியும், ஹாலிவுட் வெள்ளத்தில் மூழ்காதிருக்க, 1949-ல் இப்படி ஓர் உடன்பாடு கண்டன. இரு நாட்டுக் கூட்டாக வந்தவைதாம் பெல்லினியின் 'லா டோல்சே வீட்டா'வும் (1960), விஸ்கோந்தியின் 'இல் கட்டோபார்தோ'வும் (1963). பின்னதில் பணத்தில் பங்கு பிரான்சுடையது. முன்னணி நடிகரில் ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் அமெரிக்கர். அதை இத்தாலியப் படமல்ல என்று கூற உரோமாபுரியில் எவர் துணிவார்?

பணம் போட்டவன் கதையிலும் கை வைப்பான் என்ற அச்சத்தை நான் எள்ளவில்லை. அது மெய்யான அச்சம். ஆனால் அதற்கு மருந்து, இங்கே முன்கூட்டியே பணம் தருவது. படத்தை முடித்துக் கணக்கைக் காட்டிய பிறகு கைக்கு வரும் ஊக்கத்தொகையைக் கொண்டு எந்த இயக்குநர் கேமரா வாடகை கொடுப்பார்? வெளியே கையேந்த வைப்பதும் நாம். ஏந்திய கையைப் பார்த்து 'நீ எம்மவனல்ல' என்பதும் நாமா?

பிரான்சு, மலையாளம் பேசும் இந்தப் படத்தைத் தன் இறுதிப் பட்டியலில் வைத்து ஆராய்ந்தது. பிறகுதான் வேறொன்றை அனுப்பியது. மே திங்களில் மார்தட்டியவர்கள், செப்டம்பரில் அதே படத்தை அயல்படம் என்று சொன்னபோது, தாங்கள் இட்ட கையெழுத்துக்கு என்ன பொருள் சொல்வார்கள்?